முதல் குத்துக்கு முன்பே கைக்கட்டு

2009 ஜனவரி 24. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் ஸ்டேபிள்ஸ் சென்டர் அரங்கில் வெல்டர்வெயிட் உலகப் பட்டத்துக்கான மோதல் தொடங்கச் சிறிது நேரமே இருந்தது. அன்டோனியோ மார்கரிட்டோவின் கைகளில் துணி சுற்றப்பட்டிருந்தது. எதிராளி ஷேன் மோஸ்லியின் பயிற்சியாளர் நசீம் ரிச்சர்ட்சன் அந்தக் கட்டைச் சோதித்தபோது, விரல் முட்டிகளின் மேல் வைத்திருந்த திண்டு இருக்கவேண்டிய மென்மையில் இல்லை என்று ஆட்சேபித்தார். கட்டைப் பிரித்தார்கள். திண்டில் ஏதோ ஒரு பொருள் இறுகிக் கிடந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸின் கூறுகளான கால்சியமும் கந்தகமும் அதில் இருப்பது ஆய்வகச் சோதனையில் தெரியவந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்றார் மார்கரிட்டோ. ஆனாலும் கலிஃபோர்னியா மாநில ஆணையம் அவருடைய உரிமத்தையும் அவருடைய பயிற்சியாளரின் உரிமத்தையும் அடுத்த மாதமே ரத்து செய்தது. கட்டைச் சோதிக்கும் இந்த எச்சரிக்கைக்குப் பின்னால் கசப்பான வரலாறு உண்டு. 1983 ஜூனில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லூயிஸ் ரெஸ்டோ, திணிப்பு அகற்றப்பட்ட கிளவுஸோடு பில்லி காலின்ஸ் என்ற இளைஞரைப் பத்துச் சுற்றுகள் அடித்தார். காலின்ஸின் பார்வை கெட்டது, அவர் மறுபடி மேடை ஏறவே இல்லை. உள்ளே சுற்றிய துணியும் பிளாஸ்டர் கலவையில் இறுக்கப்பட்டது என்று ரெஸ்டோ ஒப்புக்கொண்டது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

இதனால் தொழில்முறைக் குத்துச்சண்டையில் கைக்கட்டு என்பது சட்டத்தின் கண்காணிப்பில் நடக்கும் காரியம். அமெரிக்காவின் நெவாடா மாநில விதிப்படி ஒரு கைக்கு 20 கஜம் மென்துணிச் சுருள் ஒன்றுதான். ஒட்டுப்பட்டைக்கும் அளவு உண்டு. அதிகாரி முன்னிலையில் கட்டவேண்டும், எதிர்த்தரப்பும் வந்து பார்க்கலாம். வேண்டிய கண்காணிப்புதான். ஆனால் அதன் நோக்கத்தைக் கவனியுங்கள்: எதிரே நிற்பவரின் முகத்தைக் காப்பாற்றத்தான் இத்தனை கண்களும். துணி சுற்றியிருப்பவரின் சொந்தக் கையைக் காப்பாற்ற அந்தக் கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க எந்தச் சட்டமும் ஆள் வைக்கவில்லை. சாம்பியனுக்குப் பயிற்சியாளர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார். இன்று சேர்ந்து நாளை பஞ்சிங் பேக் முன்னால் நிற்கும் பதினான்கு வயதுப் பையனுக்கு, உடல் எடை குறைக்க வரும் அலுவலகப் பெண்ணுக்கு, தற்காப்பு வகுப்பில் நிற்கும் மாணவிக்கு அப்படி யாரும் இல்லை. வட சென்னையின் பழைய மன்றங்களில் வாத்தியார் முறையில் வளர்ந்த கலை இது. இன்று ஊருக்கு ஊர் ஜிம்களில் ஒரு மூலையில் பேக் தொங்குகிறது. ‘இறுதிச்சுற்று’, ‘சார்பட்டா பரம்பரை’ போன்ற படங்கள் இந்த விளையாட்டின் மேல் புதிய ஆசையை வளர்த்திருக்கின்றன. ஆசையோடு வருபவரிடம் பொதுவில் கிடக்கும் ஒரு ஜோடி கிளவுஸை நீட்டி ‘அடி’ என்று சொல்வது பொறுப்பற்ற செயல். துணி கட்டத் தெரியாதவரை பேக்கைத் தொட விடக்கூடாது, கட்டக் கற்றுக்கொடுப்பதே முதல் வகுப்பாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

இதற்கான காரணம் கையின் அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு கையில் 27 எலும்புகள்: மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இவற்றில் பெரும்பாலானவை பற்றவும் திருகவும் எழுதவும் பூத்தொடுக்கவும் உருவானவை. இடிப்பதற்கு உருவானவை அல்ல. உள்ளங்கையின் ஐந்து நீள எலும்புகளில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரியவை மணிக்கட்டோடு அநேகமாக அசைவின்றிப் பொருந்தியிருக்கின்றன. அந்த இரண்டு முட்டிகளில் விழும் விசை மணிக்கட்டின் வழியாக நேராக முன்கை எலும்புக்குப் போய்விடும். மோதிர விரல், சுண்டுவிரல் எலும்புகளோ அடிப்பகுதியில் நன்றாக அசையும். பாத்திரத்தின் பிடியையோ கயிற்றையோ இறுகப் பற்றும்போது உள்ளங்கை குவிவது அந்த அசைவால்தான். பிடிப்பதற்கு உதவும் அந்த நெகிழ்வே குத்தும்போது எதிரியாகிறது. அடி சுண்டுவிரல் பக்கம் விழுந்தால் எலும்பு முட்டிக்குக் கீழே, அதன் கழுத்துப் பகுதியில் மடங்கி முறியும். கோபத்தில் சுவரைக் குத்திவிட்டு மருத்துவமனைக்கு வருபவர்களிடம் அதிகம் காணப்படுவது இந்த முறிவுதான். பழகியவர்களுக்கு இது குறைவு. அவர்களுடைய அடி சரியான முட்டிகளில்தான் விழுகிறது, ஆகவே அவர்களுக்குச் சேதமாவது வேறு இடங்கள்.

அந்த வேறு இடங்கள் எவை என்பதைப் பிரிட்டன் ஒலிம்பிக் குத்துச்சண்டை அணியின் பதிவுகள் காட்டுகின்றன. 2005 முதல் 2012 வரை அந்த அணியினருக்கு ஏற்பட்ட ஒவ்வொரு கைக்காயத்தையும் மணிக்கட்டுக் காயத்தையும் அணியின் மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்களும் தொடர்ந்து குறித்துவைத்தார்கள். இரண்டு வகைக் காயங்கள் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நின்றன. ஒன்று, உள்ளங்கை எலும்பின் அடியும் மணிக்கட்டும் சேரும் மூட்டு தளர்ந்துபோவது. மற்றது, விரல் முட்டியின் மேல் தசைநாணை நடுவில் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய உறை கிழிவது. இந்த உறை கிழிந்தால் விரலை நீட்டும்போது தசைநாண் முட்டியின் உச்சியிலிருந்து ஒரு பக்கமாக வழுக்கி விழும். முட்டி வீங்கி நிற்கும். பல நேரம் அறுவை சிகிச்சைதான் வழி. எக்ஸ்ரேயில் எலும்பு முழுசாகத் தெரிவதால் ‘ஒன்றுமில்லை, சுளுக்கு’ என்று விட்டுவிடும் ஆபத்தும் இந்தக் காயத்தில் உண்டு. இந்த இரண்டு இடங்களையும் மனதில் வைத்துக்கொண்டு கைக்கட்டைப் பாருங்கள். மணிக்கட்டிலும் புறங்கையிலும் சுற்றும் சுற்றுகள் முதல் இடத்தைத் தாங்குகின்றன. முட்டிகளின் மேல் அடுக்கும் அடுக்குகள் இரண்டாவது இடத்தை மூடுகின்றன. பல தலைமுறைப் பயிற்சியாளர்கள் அனுபவத்தால் துணியைக் கொண்டுபோய் நிறுத்திய இடங்களும் மருத்துவர்களின் பதிவு காட்டும் இடங்களும் ஒன்றாகவே இருக்கின்றன.

அதே பதிவில் இன்னொரு கணக்கு இருக்கிறது. போட்டியில் 1000 மணி நேரத்துக்கு 347 கைக்காயங்கள். பயிற்சியிலோ 1000 மணி நேரத்துக்கு அரைக்கும் குறைவு. ஒரு மோதல் 9 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் மேடையேறும் 19 முறைக்கு ஒரு முறை கையில் காயத்தோடு இறங்குகிறார் என்று ஆகிறது. இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். பிரிட்டன் அணியினர் எல்லோரும் முறையாகத் துணி சுற்றிப் பழகியவர்கள்தானே? அப்படியிருந்தும் இத்தனை காயம் என்றால் துணியால் என்ன பயன்? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அந்தப் பதிவு கட்டிய கையையும் கட்டாத கையையும் ஒப்பிடவில்லை, ஆகவே துணி இத்தனை சதவீதம் காயத்தைக் குறைக்கிறது என்று அதை வைத்துச் சொல்வது தவறு. ஆனால் அது காட்டும் இன்னொரு உண்மை எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே ஆட்கள், அதே முஷ்டிகள், அதே பலம். பயிற்சியில் கனமான கிளவுஸ் போடலாம், துணியையும் திண்டையும் வேண்டிய அளவு சேர்க்கலாம், அடி விழுவது பேக்கிலும் பயிற்சியாளர் ஏந்தும் பேடிலும். போட்டியில் 10 அல்லது 12 அவுன்ஸ் கிளவுஸ், அளவிடப்பட்ட துணி. சர்வதேச அமெச்சூர் விதிகளில் நீண்ட காலம் அது இரண்டரை மீட்டருக்குக் குறையாமலும் நாலரை மீட்டருக்கு மிகாமலும் இருக்கவேண்டும் என்று இருந்தது. எதிரே அசைந்துகொண்டிருக்கும் மண்டையோடும் முழங்கையும். இந்தச் சூழ்நிலை மாற்றத்தில் காய விகிதம் குறைந்தது கிட்டத்தட்ட 700 மடங்கு வேறுபடுகிறது. குத்தினால் கை உடையத்தான் செய்யும் என்ற பேச்சுக்கு இதற்கு மேல் மறுப்புத் தேவையில்லை. கைக்கு என்ன ஆகும் என்பது பெருமளவு நாம் ஏற்பாடு செய்வதைப் பொறுத்தது. அந்த அணியிலும் எண்ணிக்கை அளவில் பார்த்தால் பயிற்சியில் ஏற்பட்ட காயங்களும் போட்டியில் ஏற்பட்டவையும் ஏறக்குறைய சமம், ஏனென்றால் பயிற்சி நேரம் அத்தனை அதிகம். நம் ஜிம்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு போட்டியும் ஆடப்போவதில்லை. அவர்களுக்குப் பயிற்சிதான் எல்லாம்.

கைக்கட்டைப் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணம், அது கைக்கு ஒரு மெத்தை என்பது. மெத்தை வேலையைப் பெரும்பாலும் கிளவுஸ் செய்கிறது. துணியின் முதல் வேலை இறுக்கிப் பிணைப்பது. கட்டு தளர்ந்த ஈர்க்குத் துடைப்பத்தைத் தரையில் ஓங்கித் தட்டினால் குச்சிகள் விரிந்து தனித்தனியாக ஒடியும். உள்ளங்கை எலும்புகளும் அடி விழும் கணத்தில் அப்படித்தான் விரியப் பார்க்கின்றன. சுற்றிய துணி அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிறது, மணிக்கட்டை முன்கையோடு ஒரே கோட்டில் நிறுத்த உதவுகிறது, கட்டைவிரலை முஷ்டியோடு ஒட்டவைக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் துணி வாங்கி வைத்திருப்பது போதாது, எப்படிச் சுற்றுகிறோம் என்பதே பாதுகாப்பு என்பதும் புரியும். மேலோட்டமாகச் சுற்றிய நாலரை மீட்டர் துணி, கிளவுஸுக்குள் உருண்டு உள்ளங்கையில் ஒரு பந்தாகச் சேரும்போது முஷ்டியையே மூட விடாது. அதைவிடக் கட்டாமல் இருப்பது மேல் என்றுகூடச் சிலருக்குத் தோன்றும். அது துணியின் குற்றம் ஆகாது.

சரியான கட்டு கடினமான வித்தை இல்லை. ஆனால் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு, காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் மறக்காது. விரல்களை நன்றாக விரித்து, மணிக்கட்டை நேராக வைத்துத் தொடங்கவேண்டும். விரல்களை ஒட்டவைத்துச் சுற்றினால், சுற்றி முடித்து முஷ்டி மடக்கும்போது துணி சதையைக் கவ்வும், ரத்த ஓட்டம் தடைப்படும். மணிக்கட்டை மடக்கிய நிலையில் சுற்றினால் அந்த மடங்கலையே துணி நிலைநிறுத்திவிடும். நுனியிலுள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, துணியைப் புறங்கையின் குறுக்கே கொண்டுபோய் மணிக்கட்டில் மூன்று சுற்று. மணிக்கட்டுக்குச் சற்று மேலே முன்கையிலும் துணி ஏறியிருக்கவேண்டும், இல்லையென்றால் மூட்டுக்குப் பிடிமானம் கிடைக்காது. பிறகு புறங்கை வழியாக ஏறி முட்டிகளின் மேல் மூன்று சுற்று. நீளமான துணி என்றால், அதை ஓர் உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து மடிப்பாக மடித்து முட்டிகளின் மேல் திண்டாக வைத்து, அதன் மேல் சுற்றி இறுக்குவது இன்னும் நல்லது. முஷ்டி மடக்கியபின் மடிப்பின் நடுக்கோடு முட்டிகளின் உச்சியில் இருக்கவேண்டும். முஷ்டி மடக்கும்போது திண்டு பின்னால் நழுவும் என்பதால் விரல் பக்கம் கொஞ்சம் முன்தள்ளி வைப்பார்கள் அனுபவசாலிகள். அடுத்து மணிக்கட்டிலிருந்து புறங்கைக்குக் குறுக்காக ஏறி, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்றாக நுழைந்து திரும்புவது. இது முட்டிகளைப் பிரித்துவைக்கும், மேல் அடுக்கு வழுக்காமல் பூட்டும். கட்டைவிரலின் அடியை ஒரு சுற்று பிணைத்து, மீதித் துணியை மறுபடி முட்டியிலும் மணிக்கட்டிலும் செலவழித்து மணிக்கட்டில் ஒட்டி முடிக்கவேண்டும். புதியவர்கள் அநேகமாகச் செய்யும் தப்பு, பாதித் துணியை உள்ளங்கையிலும் மணிக்கட்டிலும் தீர்த்துவிட்டு முட்டிக்கு ஒற்றைச் சுற்றோடு நிறுத்துவது. துணியில் சுருக்கம் விழுந்தால் அந்த இடம் அழுத்தித் தோல் உரியும். முஷ்டி மடக்கினால் கட்டு இறுகவேண்டும், விரித்தால் இளகவேண்டும். விரல் நகத்தை ஒரு நொடி அழுத்தி விட்டால் வெளுத்த நிறம் இரண்டு நொடிக்குள் சிவந்து திரும்பவேண்டும். திரும்பவில்லை, விரல் நுனி சில்லிடுகிறது, மரக்கிறது என்றால் பிரித்துவிட்டு மறுபடி கட்டவேண்டும். இத்தனையும் பழகியவருக்கு ஒரு கைக்கு இரண்டு நிமிட வேலை.

அந்தக் காலத்தில் யார் துணி கட்டினார்கள், வெறுங்கையால் அடித்துக் கையை உரமேற்றினார்களே என்று கேட்பவர்கள் உண்டு. வெறுங்கைச் சண்டையின் கடைசி ஹெவிவெயிட் பட்ட மோதல் 1889 ஜூலையில் மிசிசிப்பி மாநிலத்தில் ஜான் எல். சல்லிவனுக்கும் ஜேக் கில்ரெய்னுக்கும் நடந்தது. 75 சுற்றுகள். இதைச் சொல்லித்தான் கையின் உரத்தை வியப்பார்கள். ஆனால் அன்றைய விதியில் ஒருவர் கீழே விழுந்தால் ஒரு சுற்று முடிந்தது. பிடித்துத் தூக்கி எறிவதும் அனுமதிக்கப்பட்டிருந்தது. கை உடையும் என்ற பயத்தாலேயே தலையைக் குறிவைத்துச் சரமாரியாக அடிக்கும் பழக்கம் அன்று குறைவு. இன்றைய பயிற்சியோடு அதை ஒப்பிடவே முடியாது. ஒரு மணி நேர வகுப்பில் ஒருவர் பேக்கில் நூற்றுக்கணக்கான முறை முழுப் பலத்தோடு குத்துகிறார். அதற்கும் முன்னால் போனால், ரோமில் 1885-இல் தோண்டியெடுத்த, களைத்து உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டை வீரரின் வெண்கலச் சிலை இருக்கிறது. உடைந்த மூக்கையும் வீங்கிய காதையும்தான் எல்லோரும் பார்ப்பார்கள். அவருடைய கைகளைப் பாருங்கள்: முன்கை வரை தோல் வார், முட்டிகளின் மேல் தடித்த பட்டை, மேல் விளிம்பில் ரோமப் பட்டி. எதிராளியைக் காயப்படுத்துவதும் அந்த வாரின் நோக்கமாக இருந்தது உண்மை. ஆனாலும் குத்தும் கையைப் பிணைக்காமல் விடக்கூடாது என்பது அத்தனை பழைய அறிவு. உரமேற்றுவது பற்றிய பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. தொடர்ந்து சுமை பட்டால் எலும்பு மெல்ல வலுப்படும். மூட்டின் குருத்தெலும்பும் முட்டியின் உறையும் அப்படி வலுப்படுவதில்லை, தேய்கின்றன அல்லது கிழிகின்றன. பிள்ளைகள் விஷயத்தில் ஆபத்து இன்னும் கூடுதல். வளரும் வயதில் நான்கு விரல்களின் உள்ளங்கை எலும்புகளிலும் வளர்ச்சித் தட்டு முட்டிக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது. அடி முழுவதும் போய்ச் சேரும் இடம் அது. பதின்வயதின் நடுப்பகுதியில்தான் அது எலும்பாக மூடுகிறது. எட்டாம் வகுப்புப் பையனை வெறுங்கையால் பேக்கை அடிக்கச் சொல்லி ‘கை பழகட்டும்’ என்பவர் அந்தத் தட்டோடு சூதாடுகிறார்.

துணி கட்டினால் தப்பான தைரியம் வரும், குத்தத் தெரியாதவனும் ஓங்கிக் குத்துவான் என்பது இன்னொரு வாதம். இதில் ஒரு பங்கை ஏற்கிறேன். கைக்கட்டு தப்பான குத்தைச் சரியாக்காது. மடங்கிய மணிக்கட்டோடு, சுண்டுவிரல் பக்கம் விழும் குத்துக்கு எத்தனை மீட்டர் துணியும் காப்பு ஆகாது. அதனால்தான் கட்டுவதை ஒரு தனிச் சடங்காகச் சொல்லிக்கொடுக்காமல், குத்தும் பாடத்தின் தொடக்கமாகச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்கிறேன். எந்த இரண்டு முட்டிகளில் அடி விழவேண்டும், மணிக்கட்டு ஏன் நேராக நிற்கவேண்டும் என்பதை ஒரு மாணவர் தன் கையில் தானே துணி சுற்றும்போது கற்பதைப் போல வேறெப்படியும் கற்க முடியாது. கையில் மாட்டிக்கொள்ளும் ஜெல் உறைகள் வந்துவிட்டனவே, சுற்றும் தொல்லை எதற்கு என்போருக்கும் பதில் இதுதான். அவை முட்டிக்கு மெத்தை தருகின்றன. எலும்புகளைப் பிணைக்கும் வேலையிலும் மணிக்கட்டை நிறுத்தும் வேலையிலும் ஒழுங்காகச் சுற்றிய துணிக்கு ஈடாவதில்லை. அவசரத்துக்கு ஒன்றுமில்லாததற்கு அவை பரவாயில்லை, அவ்வளவே.

பணம் ஒரு தடை என்று சொல்வார்கள். ஒரு ஜோடி பேண்டேஜ் சில நூறு ரூபாய். அதுவும் சில வீடுகளுக்குப் பெரிய தொகை என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்து ஓரம் தைத்த பருத்தித் துணியே இந்த வேலையைச் செய்யும். விலையுயர்ந்த பெயர் எதுவும் அதில் பொறித்திருக்கத் தேவையில்லை. மருந்துக்கடை கிரேப் பேண்டேஜைப் பல பிள்ளைகள் பயன்படுத்துகிறார்கள். அது இழுவை அதிகம் என்பதால் இறுக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும், வியர்வையில் சீக்கிரம் தளரும், ஆனாலும் முறையாகச் சுற்றினால் உதவும். பெரியவர்களுக்கு நாலரை மீட்டர் துணி என்றால் சிறிய கைகளுக்கு இரண்டே முக்கால் மீட்டரே போதும். செலவுக் கணக்கைப் போடுவதானால் மறுபக்கத்தையும் போடவேண்டும். சுண்டுவிரல் எலும்பு முறிந்தால் மூன்று முதல் ஆறு வாரம் வரை கையில் கட்டு. இந்த விளையாட்டுக்கு வருபவர்களில் வெல்டிங் செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர், மீன் ஏற்றுபவர், பொதுத்தேர்வு எழுதப்போகிறவர் என்று கையை நம்பி வாழ்பவர்கள் ஏராளம். அவர்களுக்கு ஆறு வாரம் கை முடங்குவது ஒரு குடும்பத்தின் வருமானம், ஒரு மாணவியின் ஒரு வருடம். பேக் வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் ஜிம்முக்கு அதன் பக்கத்தில் பத்து ஜோடித் துணி வைத்திருப்பது சுமையே இல்லை. ஆனால் அது கிளவுஸ் போலப் பொதுவில் புழங்கக்கூடாது. ஒருவர் வியர்வையில் நனைந்த துணியைத் துவைக்காமல் அடுத்தவர் சுற்றினால், நம் ஊர்ப் புழுக்கத்தில் படை நோய் பரவ வேறு வழி தேடவேண்டாம்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் வேறு. கையைக் காப்பாற்றக் காப்பாற்ற, எதிராளியின் தலையில் விழும் அடி பலமாகிறது. கை வலித்தால்தான் அடிப்பவன் அடக்கி அடிப்பான், துணியும் கிளவுஸும் அந்த இயற்கையான கடிவாளத்தை அறுத்துவிட்டன என்பது இந்த வாதம். நெவார்க் நகர மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் குத்துச்சண்டைக்காரர்களின் மூளைச் சிதைவைப் பற்றி 1928-இல் எழுதியதிலிருந்து இந்தக் கவலை மருத்துவ உலகில் தொடர்கிறது. இதை நான் லேசாக எடுக்கவில்லை. தலையில் விழும் அடி இந்த விளையாட்டின் உண்மையான கறை. ஆனால் அதற்கு மருந்தாக ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் விரல் எலும்பை முன்வைப்பது சரியா? தலையைக் காக்க வழிகள் இருக்கின்றன: சிறுவர்களுக்கு ஸ்பாரிங் எனும் பயிற்சி மோதலைக் கட்டுப்படுத்துவது, ஸ்பாரிங்கில் தலையில் பலமாக அடிப்பதைத் தடுப்பது, அடிபட்டவரை வாரக்கணக்கில் ஓய்வில் வைப்பது, மருத்துவர் இல்லாமல் மேடை போடாமல் இருப்பது. இவற்றைச் செய்ய மனமில்லாதவர் கை உடையும் பயத்தை நம்பியிருப்பது யாரையும் காப்பாற்றாது. உடைந்த கையோடும் அடிப்பவர்கள் அடித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். ஜிம்மில் பேக்கை மட்டும் குத்துகிறவர் விஷயத்தில் இந்த வாதமே எழவில்லை. அவருக்கு எதிரே இருப்பது யாருடைய தலையும் இல்லை.

ஆகவே மாற்றம் வேண்டிய இடம் ஜிம்மின் வாசல். சேர்க்கைப் படிவத்தோடு ஒரு ஜோடித் துணி, முதல் வகுப்பு முழுவதும் கட்டவும் பிரிக்கவும் பழகுவது, இரண்டாவது வகுப்பிலிருந்து ஒவ்வொரு நாளும் பேக்குக்குப் போகும் முன் மாஸ்டர் ஒரு முறை கையைத் தொட்டுப் பார்ப்பது. இதற்கு அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். பள்ளிகளில் மாணவிகளுக்குத் தற்காப்புப் பயிற்சி என்ற பெயரில் குத்துச்சண்டை சொல்லிக்கொடுக்கும் இடங்களில் இது இன்னும் கட்டாயம், ஏனென்றால் அங்கே வரும் பிள்ளை தானாகத் தேர்ந்து வருவதில்லை, பள்ளி அனுப்பி வருகிறது. பிள்ளையைச் சேர்க்கப்போகும் பெற்றோர், அங்கே எத்தனை பதக்கம் தொங்குகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், பயிற்சியில் நிற்கும் பிள்ளைகளின் கைகளைப் பார்க்கட்டும். கிளவுஸைக் கழற்றும்போது உள்ளே வெறுங்கை தெரிந்தால் வேறு இடம் தேடுவதே நல்லது. ‘வாத்தியாரே, என் மகளுக்குக் கட்டச் சொல்லிக்கொடுப்பீர்களா?’ என்று கேட்கவும் தயங்கவேண்டாம். நல்ல வாத்தியாருக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

மாவட்ட அளவிலான அமெச்சூர் போட்டிகளுக்கும் இது பொருந்தும். மேடையேறும் முன் கிளவுஸ் மேசையில் ஒவ்வொருவரின் கைக்கட்டையும் அதிகாரி பார்க்கிறார், உள்ளே கள்ளமாக எதுவும் இல்லை என்று தெரிந்தபின்தான் கிளவுஸ் மாட்ட விடுகிறார். அதே அதிகாரி இன்னும் மூன்றைச் சேர்த்துப் பார்க்கலாம்: முட்டியின் மேல் போதிய அடுக்கு இருக்கிறதா, மணிக்கட்டு பிணைந்திருக்கிறதா, நகத்தை அழுத்தினால் நிறம் திரும்புகிறதா. குறையிருந்தால் அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பி, கூட வந்த பயிற்சியாளரை மறுபடி கட்டச் சொல்லவேண்டும். மோதல் ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கட்டும். அதிகாரியும் மேசையும் ஏற்கெனவே அங்கேதான் இருக்கின்றன, புதிதாக எழுதவேண்டியது போட்டி விதியில் ஒரே ஒரு வரிதான்.